பீரோ விழுந்த சரித்திரம்

"என்னைக் கீழே தள்ளுறதுக்கு ஒருத்தி இனிமேதான் பொறக்கணும். அப்படியே பொறந்தாலும், அவ வளர்ந்து வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

பள்ளியின் பரிசளிப்பு விழாவில், யாரும் கொடுக்காத மைக்கைத் தானே எடுத்துக்கொண்டு ஒரு மாணவி சொன்ன வாசகம் இது. சற்று முன்புதான் தலைமை ஆசிரியை பணிவின் பெருமை பற்றி நீண்ட உரையாற்றி, தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தார். அரங்கம் கை தட்டியது. முன்வரிசையில் அப்பா எழுந்து நின்றே தட்டினார். அம்மா மட்டும் தட்டவில்லை. 'வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கோ' என்று அவர் கண்ணால் அனுப்பிய செய்தி மேடை ஏறுவதற்குள் அடுத்த பரிசை வழங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு பிறப்பில் தொடங்கும். இது ஒரு சவடாலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வரலாற்றின் நாயகிக்குப் பிறப்பைவிட அந்தச் சவடால்தான் முக்கியமான நிகழ்ச்சி. பிறப்பில் அவளுடைய பங்கு குறைவு.

நாயகிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிப் பதிவேட்டிலும் தடுப்பூசி அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. ஊர் வைத்த பெயர் பீரோ. அப்பா நடத்துவது இரும்பு பீரோவும் கட்டிலும் செய்கிற பட்டறை. செய்து முடித்த பீரோக்களை அவர் கடை வாசலில் வரிசையாக நிறுத்திவைப்பார். அவற்றின் கண்ணாடிகளில் தெருவில் போகிறவர்கள் தலை சீவிக்கொள்வார்கள்; வாங்குகிறவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு நாள் வண்டியில் ஏற்றும்போது ஒரு பீரோ சரிந்தது. பள்ளிவிட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் தோளைக் கொடுத்து அதை நிறுத்தினாள். பட்டறை ஆட்கள் கயிறு தேடி எடுத்து வரும்வரை, பீரோவும் அவளும் ஒன்றோடொன்று சாய்ந்து அப்படியே நின்றார்கள். கொஞ்சம் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு விழுந்தது அந்தப் பட்டப்பெயர். அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. அப்பா அதைக் கடைக்கு விளம்பரமாக எடுத்துக்கொண்டார்.

அன்று தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். அந்த அம்மாளுக்கு இரண்டு ஆசைகள்: ஊருக்குள் ஒரு நல்ல பல் மருத்துவமனை, ஒரு பெண்கள் ரக்பி அணி. இரண்டையும் அவரே நடத்தினார்; பீரோவை மறுநாளே அணியில் சேர்த்துக்கொண்டார். காலையில் மைதானத்தில் யாருக்காவது பல் ஆடினால் மாலையில் மருத்துவமனையில் அவரே சரி செய்துவிடுவார். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்கு இவ்வளவு நேர்மையாக ஒத்தாசை செய்வதை வேறெங்கும் காண முடியாது.

ரக்பி என்றால் என்ன என்று அப்பா முதல் ஆட்டத்திலேயே புரிந்துகொண்டார். கூட்டமான பேருந்தில் ஏறுவதற்குச் சட்டம் எழுதினால் அதுதான் ரக்பி. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். முன்னால் இருக்கிறவருக்கு எறியக் கூடாது. பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்கலாம். எதிரணியினர் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள். சாய்ந்தவர் விழுந்த இடத்திலேயே பந்தைத் தன் அணி இருக்கும் பக்கமாக நீட்டி வைத்தால், பின்னால் வருகிறவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆகவே, விழுவது இந்த ஆட்டத்தில் ஒரு வேலை. பீரோ ஒப்புக்கொள்ளாதது அந்த ஒரு வேலையைத்தான்.

இரண்டு பேர் தொங்கினாலும் ஓடுவாள். மூன்றாவது ஆள் தொங்கினால் நடப்பாள். நான்காவது ஆள் சேர்ந்தால் நிற்பாள், விழ மாட்டாள். பந்தைப் பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு, சுற்றிலும் மனிதர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க, விளம்பரக் கம்பம்போல நிற்பாள். நடுவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். பல் டாக்டர் எல்லைக் கோட்டருகே தலையில் அடித்துக்கொள்வார். அப்பா கை தட்டுவார்.

பள்ளிப் படிப்பு முடிந்தபோதுதான் ஸ்காலர்ஷிப் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது. வெளிநாட்டில் சில கல்லூரிகள் ரக்பி ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்கும் இடமும் கொடுக்கின்றன என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். பீரோவுக்குப் பிசியோதெரபி படிக்க ஆசை. இத்தனை பேரின் தோளை இறக்கிவிட்டிருக்கிறோம், இரண்டு பேருடைய தோளையாவது ஏற்றிவிட வேண்டாமா என்பது அவள் கட்சி. உள்ளூரில் அந்தப் படிப்பு கிடையாது. உள்ளூரில் கிடைத்தது கணக்குப் படிப்பு. அதை முடித்தால் அப்பா கடையில் பில் போடும் மேஜை காத்திருந்தது. அந்த மேஜையும் அப்பா செய்ததுதான். அதன் இழுப்பறை மூடும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டாலே அவள் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

வெளிநாட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு நேரில் வர நேரமில்லை. ஆடுகிற ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். படம் என்றதும் அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டார். அம்மா முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவர். ஜாக்கெட் தைப்பதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் தொழில். வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டே பேசுவார். அந்தப் பேச்சு குடும்பத்தாருக்கு மட்டும் புரியும். அவருடைய தம்பி, அதாவது பீரோவின் மாமா, கல்யாண வீடியோ எடுப்பவர்; மருமகளின் ஆட்டங்களையும் ஆரம்பத்திலிருந்தே படம் பிடித்து வந்தவர்.

கேமரா பொய் சொல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மாமாவின் வாடிக்கையாளர்கள் அல்லர். மாப்பிள்ளை கொட்டாவி விட்டது, சம்பந்திகள் முறைத்துக்கொண்டது, பெண்ணின் சித்தப்பா சாப்பாட்டில் குறை சொன்னது எதுவும் மாமாவின் படத்தில் இருக்காது. யாராவது தடுக்கி விழுந்தால் கேமரா மரியாதையாக மேலே போய்ச் சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். விழுந்தவர் எழுந்து உடையைச் சரிசெய்த பிறகுதான் கீழே வரும். இதற்காகவே ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

அந்தத் தொழில் தர்மத்தோடுதான் மருமகளின் படத்தையும் செய்தார். பீரோ ஓடுகிறாள், மெதுவாக. இன்னும் மெதுவாக. மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. இதய வடிவச் சட்டத்துக்குள் அவள் முகம் தோன்றி மறைகிறது. புல்லாங்குழல். கோட்டைத் தாண்டுகிறாள், இரண்டு புறாக்கள் பறக்கின்றன. இந்தப் படம் பல கல்லூரிகளுக்குப் போயிற்று. பல கல்லூரிகள் மௌனம் சாதித்தன. சில கல்லூரிகள் 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று ஆரம்பித்துப் பதில் போட்டன. அப்பா அந்தச் சொல்லைப் பார்த்ததும் அதற்குமேல் படிக்காமல் மூடப் பழகிக்கொண்டார்.

இதற்கிடையே வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று குடும்பத்துக்குக் கல்வி புகட்டியது. அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் சேர்ப்பார்கள். இலை உதிர்கிற காலத்தில் சேர்ப்பதற்கு ஃபால் என்று பெயர். ஸ்காலர்ஷிப்புக்கு ஃபால்தான் ராசி. ஃபாலைத் தவற விட்டால் எல்லாம் போச்சு. அம்மா இதைக் கேட்டுக் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஃபால்ஸ் சேலை ஓரத்துல அடிக்கிறது. அதைத் தவற விட்டா சேலைதான் சுருளும்" என்றார். ஆனாலும் அந்தச் சொல் வீட்டில் தங்கிவிட்டது. சாப்பிடும்போது ஃபால், தூங்கப் போகும்போது ஃபால். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தாலும் ஃபால்.

இப்படி இருக்கையில் ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் வீடியோ காலில் பேச விரும்பினார்.

அன்று முன்னறையில் தையல் இயந்திரத்தை ஓரம் தள்ளி, நாற்காலிகளைப் போட்டார்கள். அப்பா கேமராவுக்குத் தெரிகிற பாதிக்கு மட்டும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தெரியாத பாதி சுதந்திரமாக இருந்தது. மாமா வெளிச்சம் பார்த்து ஜன்னல் திரையை மூன்று முறை மாற்றினார். திரையில் குட்டை முடியும் சிரித்த முகமுமாக ஒரு பெண்மணி வந்தார். வந்த வேகத்தில் உறைந்தார். அசைந்தார். மறுபடி உறைந்தார். இணைப்பு அப்படி. அவர் சொன்னதில் பாதி கடலில் போயிற்று. கரை சேர்ந்த சொற்கள் இவை: ரொம்பப் பிடித்திருக்கிறது, வேண்டும், உன், ஃபால்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் குடும்பமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் யார் என்ன சொன்னாலும் முதலில் ஆமாம் சொல்லிவிடுவது அந்த வீட்டு மரியாதை. பீரோ பலமாகத் தலையாட்டினாள். அப்பா திரைக்குள் பாதி நுழைந்து, "எஸ் மேடம், ஃபால். ஃபால் ஒன்லி" என்று உறுதி கொடுத்தார். பெண்மணி மகிழ்ந்து கட்டை விரலை உயர்த்தினார். சீக்கிரம் அனுப்புங்கள் என்றார். மறுபடி உறைந்தார், இணைப்பு அறுந்தது.

சீக்கிரம் அனுப்புங்கள் என்றால் பெண்ணைத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொஞ்சம் துணிமணி தைக்க அவகாசம் கொடுக்கக் கூடாதா என்று அம்மா மட்டும் வருத்தப்பட்டார். தெரு முழுக்க இனிப்பு போயிற்று. பெட்டி வாங்கினார்கள். அப்பா நேராகக் கணக்குப் படிப்புக் கல்லூரிக்குப் போய், மகளுக்கு ஒதுக்கியிருந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். அந்த இடம் அன்று மாலையே வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

பல் டாக்டருக்கு இனிப்பு கொடுக்கப் பீரோ மருத்துவமனைக்கே போனாள். டாக்டர் ஒருவருடைய வாயைத் திறந்துவைத்துக் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். ஃபாலில் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். அந்தப் பயிற்சியாளர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லச் சொன்னார். பீரோ சொன்னாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியில் இருந்தவரும் திறந்த வாயை மூடாமலே சிரித்தார்.

"சீட்டைப் பத்திப் பேசவே இல்லடி அவங்க. ஃபால்னா விழுறதும்தான். நீ எப்படி விழுறேன்னு பார்க்கணும்னு கேட்டிருக்காங்க. அனுப்பச் சொன்னது உன்னை இல்ல, வீடியோவை."

"நான்தான் விழ மாட்டேனே டாக்டர்."

"அதைத்தான் அவங்களும் கண்டுபிடிச்சிருக்காங்க."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது அப்பா, ஓரமாக நின்ற புதுப்பெட்டியைப் பார்த்தார். கணக்குப் படிப்பும் போயிற்று, இதுவும் இல்லை என்றால் பில் மேஜைக்குக்கூட வழியில்லை. அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"விழுந்து விழுந்து படிச்சா ஃபாரின்ல சீட்டு குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். சும்மா விழுந்தாலே குடுப்பாங்கன்னு இப்பதான் கேக்குறேன். வயசுப் பொண்ணு தரையில உருளுறதைப் படம் புடிச்சு ஊர் ஊரா அனுப்பணுமா?"

பீரோ மாமாவிடம் திரும்பினாள். பழைய ஆட்டங்களில் எங்கேயாவது தெரியாத்தனமாக விழுந்திருந்தால் அதை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"இருந்துச்சும்மா. நிறையவே இருந்துச்சு. நல்லா இருக்காதுன்னு அழிச்சிட்டேன்."

"நிறையவா? நான் எப்ப மாமா விழுந்தேன்?"

"நீயே மறந்துபோற அளவுக்கு வெட்டியிருக்கேன்னா என் வேலை எப்படின்னு பார்த்துக்கோ."

தொழில் திறமை இவ்வளவு சோகமாக நிரூபிக்கப்பட்டது அபூர்வம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்தக் குடும்பம் மாமாவின் படத்தைத்தான் உட்கார்ந்து பார்த்தது. அதில் அவள் ஒருமுறைகூட விழுந்ததில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, மைதானத்திலும் அப்படித்தான் நடந்தது என்று அவளும் நம்பிவிட்டாள். நம்பிய பிறகு உண்மையிலேயே விழாமல் நிற்க ஆரம்பித்தாள். மேடையில் சொன்னது சவடால்கூட இல்லை. மாமா வெட்டி ஒட்டியதை அவள் வாய்விட்டுப் படித்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதற்குள் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டறையின் பின்பக்கத்தில் தகடு வளைக்கும் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு, கட்டிலுக்கு வந்திருந்த மெத்தைகளைத் தரையில் பரப்பினார்கள். வெல்டிங் அடிக்கிறவரும் பெயின்ட் அடிக்கிறவரும் தள்ளிவிட முன்வந்தார்கள். முதலாளி மகளைத் தள்ளுவதில் இருவருக்கும் சங்கடம். தள்ளும் முன்பு அப்பா முகத்தைப் பார்த்தார்கள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையசைத்தார். தள்ளினார்கள். அவள் நின்றாள். மறுபடி தள்ளினார்கள். பெயின்ட் அடிக்கிறவர்தான் மெத்தையில் விழுந்தார். "இவரை வேணா படம் எடுத்து அனுப்பலாம்" என்றார் வெல்டர்.

தள்ளுகிறவர்கள் மேல் குற்றமில்லை. கால் மடங்கப் பார்க்கும்போதெல்லாம் அவள் உடம்பு தானாகவே விறைத்துக்கொண்டது. பீரோ மடங்குமா?

ஆட்டத்தன்று மாமா கேமராவோடு வந்தார். என்ன நடந்தாலும் மேலே பார்க்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து வந்து சேர்ந்தார்.

முதல் பாதி பழையபடி போயிற்று. பீரோ ஓடினாள், தொங்கினார்கள், நின்றாள். நடுவர் ஊதினார். பந்து எதிரணிக்குப் போயிற்று. திரும்பத் திரும்ப அதே கதை. அணித் தோழிகள் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இடைவேளையில் பல் டாக்டர் அவள் பக்கத்தில் வந்தார். தண்ணீர் மட்டும் கொடுத்தார். அவள் எல்லோரையும் விட்டுத் தள்ளிப் போய், மைதானத்தின் ஓரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு சின்னதாக நின்று அம்மா பார்த்ததில்லை.

இரண்டாம் பாதியில் பந்து அவள் கைக்கு வந்தது. ஓடினாள். முதலில் ஒருத்தி தொங்கினாள், பிறகு இன்னொருத்தி. அவள் உடம்பு விறைக்க ஆரம்பித்தது. அப்போது பார்வையாளர் பக்கத்திலிருந்து, வாயில் குண்டூசி இல்லாததால் ஊருக்கே புரியும்படி, ஒரு குரல் வந்தது.

"விழுந்து தொலைடி! யாரு பார்த்தா என்ன, விழு!"

பெற்ற பிள்ளையை விழச் சொல்லிக் கத்துகிற தாயை எதிரணிப் பெற்றோர் அதுவரை கண்டதில்லை. இது எந்த மாதிரிக் குடும்பம் என்று இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். பீரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது உடம்பை விறைத்துக்கொள்ள முடியாது. முழங்கால் மடங்கியது. தோள் சாய்ந்தது. தரை அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது.

முதல் விழுதல் லட்சணமாக இல்லை. பந்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அதுவும் படத்தில் இல்லை. பழக்கதோஷத்தில் மாமாவின் கேமரா மேலே போய், மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தம்பியின் தலையைப் பிடித்துக் கீழே திருப்பினார். ஆட்டம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அடுத்ததில் பந்து கையோடு இருந்தது. அதற்கடுத்ததில் விழுந்தபடியே உடம்பைத் திருப்பி, பந்தைத் தோழிகள் பக்கம் நீட்டி வைத்தாள். பின்னால் வந்தவள் எடுத்துக்கொண்டு ஓடினாள். பீரோ தரையில் படுத்தபடி அதைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து ஒரு ஆட்டத்தைக் கீழேயிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லோருடைய முதுகும் தெரிந்தது. தான் வைத்த பந்து எங்கே போகிறது என்பதும் தெரிந்தது.

கடைசியில் கோட்டுக்குப் பக்கத்தில் அவளை மறித்தது எதிரணியிலேயே ஒல்லியான பெண். கணுக்காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காலை ஒரு உதறு உதறினால் போதும். பீரோ அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியிருப்பாள், மாமாவின் புறாக்களும் பறந்திருக்கும். ஆனால் இடது பக்கம் எதிரணி ஆளே இல்லை, பின்னால் தோழி வந்துகொண்டிருந்தாள். பீரோ சாய்ந்தாள். பந்தை வைத்தாள். தோழி கோட்டைத் தாண்டினாள். கணுக்காலைப் பிடித்த ஒல்லிப் பெண் தன் பலத்தை நினைத்துத் தானே வியந்து உட்கார்ந்திருந்தாள். பீரோ அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, நல்ல பிடி என்றாள்.

அன்று எடுத்ததை இதழ் தூவாமல், புல்லாங்குழல் ஊதாமல் அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. மாமா மனசில்லாமல் கீழ்ப்படிந்தார். கல்லூரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை பல் டாக்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். திரைக்குள் நுழையக் கூடாது என்று அப்பாவுக்குத் தடை. பயிற்சியாளர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் டாக்டர் தமிழில் திருப்பிச் சொன்னார். இடம் உண்டு, படிப்பு உண்டு, தங்கும் இடம் உண்டு. ஃபால் என்ற சொல் வந்ததும் எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். "இது காலேஜ் சேர்ற ஃபால்தான், பயப்படாதீங்க" என்றார்.

புறப்படுவதற்கு முன்பு சொந்தக்காரர்கள் வீட்டில் கூடினார்கள். மாமா டிவியில் அந்தப் படத்தைப் போட்டார். அறை நிறைய ஆட்கள். சின்னப் பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் அப்பா செய்த கட்டிலில். அப்பாவின் அக்கா, பீரோவின் அத்தை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தவர் அவர்; மருமகள் பேசியதை அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் மெருகேற்றிச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவரே.

திரையில் ஒரு பெண் சாய்ந்தாள். புழுதி பறந்தது. அத்தை உச்சுக் கொட்டினார்.

"ஐயோ பாவம். யாரு பெத்த புள்ளையோ, இப்படிக் கீழ கிடக்கு. நம்ம பொண்ணு தள்ளிவிட்டதா?"

அப்பா விட்டத்தைப் பார்த்தார். எதிர் டீம் என்று சொல்ல மாமாவின் வாய் பாதி திறந்தது. அம்மா மகளைப் பார்த்தார்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பீரோ, அத்தையிடம் டம்ளரை நீட்டினாள்.

"அது நான்தான் அத்தை. பிடிங்க, சிந்தப் போகுது. இன்னும் நாலஞ்சு தடவை விழுவேன்."